அவளிடம் நேராகவே கேள்

அன்புள்ள தங்கைக்கு,

அனாட்டமி இன்டர்னலில் தவறியதிலிருந்து உன் அறைத்தோழி மெஸ்ஸுக்கு வருவதில்லை, வகுப்புக்கும் போவதில்லை, ஆசை ஆசையாய் வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். சாகும் எண்ணம் வருகிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நீயே உண்டாக்கிவிடுவாயோ என்றும் பயப்படுகிறாய். உண்டாக்கமாட்டாய். மனநல மருத்துவத்தில் பலமுறை ஆராய்ந்து பார்த்த விஷயம் இது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஒருத்தராவது கேட்டார்களே என்று பலருக்கு ஆறுதல்தான் வருகிறது.

இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடி?" "அப்படியெல்லாம் நினைக்கலதானே?" என்று கேட்காதே. இல்லை என்ற பதிலுக்காகத்தான் கேட்கிறாய் என்று அவளுக்குப் புரிந்துவிடும். ஆமாம் என்றால் பதறாமல் கேட்டுக்கொண்டிரு. அம்மா அப்பா பட்ட கஷ்டத்தை நினைவூட்டாதே. நீட் கோச்சிங்குக்குக் கடன் வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்பாள். செய்து கொடுக்காதே. அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உயிரோடிருந்து கோபித்துக்கொள்ளட்டும். தனியே விடாமல், வார்டனிடமோ நீங்கள் நம்பும் ஆசிரியரிடமோ சொல்லிவிட்டு, சைக்கியாட்ரி ஓ.பி.க்குக் கூடவே போ. இரவானால் கேஷுவால்ட்டிக்குப் போ. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நீயே டயல் செய்து அவள் கையில் கொடு.

ரெக்கார்டில் ஏறிவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பாள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை அவளுக்குத் தந்திருக்கிறது. உங்கள் கல்லூரி ஓ.பி.யில் சீனியர்கள் பார்ப்பார்கள் என்று கூசினால் வெளியே ஒரு மருத்துவரிடம் போகலாம்.

அவள் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் தந்த அறிக்கையில், கருத்தாய்வில் பங்கேற்ற எம்பிபிஎஸ் மாணவர்களில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூறு பேர் வகுப்பென்றால் கால்வாசிக்கும் மேல். இத்தனை பேரையும் மனோதிடம் இல்லாதவர்கள் என்று ஒதுக்க முடியுமா? வைவாவில் எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதைக் கற்பித்தல் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாற வேண்டியது அதுதான். அவளுடைய மனசு அல்ல.

சிகிச்சை தொடங்கிய பிறகும் சில வாரங்களுக்குக் கண்ணை எடுக்காதே. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால், நோட்ஸைக் கொடுத்துவிட்டு, சாப்பிடக் கூப்பிடு. அடுத்த இன்டர்னல் நெருங்கும்போது மறுபடியும் அதே கேள்வியைக் கேள். உன் தூக்கமும் கெட்டுப்போனால் தள்ளிப்போடாமல் எனக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா