பழைய வண்டிக்குப் புது ஸ்டியரிங் மாட்டப் போகிறவர்களுக்கு

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். பழைய மாருதி 800, ஜென், அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் இப்போது விரும்பிக் கேட்கும் வேலை இது. ஆசையில் தவறில்லை. வருடக்கணக்காக வெயில் தின்ற வீல் வெடித்து, பிடித்தால் கையில் கறுப்பு ஒட்டும். ஆனால் ஸ்டியரிங் வீல் தனிப் பொருள் கிடையாது. அதன் மறுபாதி வண்டிக்குள் இருக்கிறது: ஷாப்ட், ஹாரன் ஒயரிங், இண்டிகேட்டர் ஸ்விட்ச், ஏர்பேக் என்றால் அதற்கான கம்ப்யூட்டர். நீங்கள் வாங்கி வருவது ஒரு பாதி மட்டும். இன்ஜின் நின்றாலும், டயர் வெடித்தாலும் வண்டியை ஓரம் கட்ட ஸ்டியரிங் வேண்டும். அதுவே கையோடு வந்துவிட்டால் டிரைவர் செய்ய ஒன்றும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. "ஒரே கம்பெனி வண்டிதானே, பொருந்தும்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. ஒரே கம்பெனியே மாடலுக்கு மாடல் ஸ்ப்ளைனை, அதாவது ஷாப்ட்டும் ஹப்பும் கவ்வும் பல் வரிசையை, மாற்றியிருக்கும். புதுப்பேட்டைக்கோ உக்கடத்துக்கோ பழைய சாமான் வாங்கப் போகும்போது, கழற்றிய பழைய வீலைக் கையோடு கொண்டு போ. இரண்டையும் கவிழ்த்து வைத்து மூன்று விஷயம் பார்: பல் எத்தனை, துளையின் விட்டம் எவ்வளவு, ஹப்பின் ஆழம் எவ்வளவு. பல் ஒத்துப்போய் ஆழம் ஒத்துப்போகாத வீல்கள்தான் ஏமாற்றும். ஷாப்ட்டில் ஏறிவிடும், ஆனால் கவரில் உரசும், அல்லது இண்டிகேட்டர் தண்டு விரலுக்கு எட்டாமல் பின்னால் போய்விடும்.

2. வீல் ஷாப்ட்டில் நேராக, கை அழுத்தத்திலேயே உட்கார ஆரம்பிக்க வேண்டும். தட்டி ஏற்றாதே. பல்லை அரம் போட்டுத் தேய்க்காதே. லூஸாக இருந்தால் தகரத் துண்டு சொருகாதே. ஹப்பை அறுத்து வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அவனைப் பட்டறை வாசலிலேயே நிறுத்து. இந்த இடத்தில் "கொஞ்சம்" என்ற அளவே கிடையாது. இன்று கொஞ்சம் ஆடும் பல், ஒவ்வொரு திருப்பத்திலும் தன்னைத் தானே தேய்த்துக்கொண்டு ஒரு நாள் வழுக்கிவிடும்.

3. ஏர்பேக் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், பொறுமையாகக் கேள். ஏர்பேக் வைத்த வீலைப் பழைய வண்டியில் மாட்டினால் பாதுகாப்பும் கூடவே வந்துவிடும் என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். வராது. மோதலை உணர்வது சென்சார்; எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் மோதினால் வெடிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது கன்ட்ரோல் யூனிட். அந்தக் கணக்கு அந்தந்த மாடலின் உடலை வைத்துப் போட்டது. பை முழுதாக விரிய ஒரு நொடியில் நூறில் சில பங்குதான் ஆகும். அதை நம் கையால் ஒயர் இழுத்து உண்டாக்க முடியாது. சென்சார் இல்லாத வண்டியில் அந்த வீல், டிரைவரின் நெஞ்சுக்கு நேராக மாட்டிய வெடிமருந்து, அவ்வளவுதான். பழைய வண்டிக்கு அந்த வீலேதான் வேண்டும் என்றால் ஏர்பேக் மாட்யூலை எடுத்துவிட்டு மாட்டு. நடுவில் ஹாரன் பேட் பொருத்த வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்.

கழற்றிப் போட்ட வண்டியிலிருந்து வந்த ஏர்பேக்கின் வரலாறு யாருக்கும் தெரியாது. தகாட்டா கம்பெனியின் ஏர்பேக்குகளில் இருந்த அமோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் வருடக்கணக்கில் பட்டால் கெட்டுப்போய், வெடிக்கும்போது இரும்பு உறையையே துண்டுகளாகச் சிதறடித்தது. உயிர்கள் போயின. கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், இந்தியாவிலும் அழைத்தார்கள். 2017-இல் அந்தக் கம்பெனியே திவாலானது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர் எது என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ஏர்பேக்கோடு வந்த வண்டியில் அதை எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் வீல் கேட்பார்கள்; எச்சரிக்கை விளக்கை அணைக்க ரெசிஸ்டர் வைக்கச் சொல்வார்கள். செய்யாதே. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். உயிரைக் காக்க வைத்ததைப் பிடுங்கிக் கூலி வாங்கும் வேலை நமக்கு வேண்டாம்.

4. ஏர்பேக் வீலைத் தொடுமுன் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்று. உடனே கை வைக்காதே. மின்சாரம் போனாலும் வெடிக்கும் அளவு சார்ஜை கன்ட்ரோல் யூனிட் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். மூன்று நிமிடமோ அதற்கு மேலோ கேட்கும் வண்டிகள் உண்டு. கழற்றிய மாட்யூலை மூடி மேலே பார்த்தபடி மேஜையில் வை. கவிழ்த்து வைத்து வெடித்தால் மாட்யூலே எழும்பிப் பறக்கும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டர் முனையை ஒருபோதும் வைக்காதே.

5. பழைய வீலைக் கழற்றுவதற்கு முன்பு, வண்டியின் முன் சக்கரங்களை நேராக நிறுத்து. ஷாப்ட்டிலும் ஹப்பிலும் ஒரே கோட்டில் பெயின்ட் அடையாளம் போடு. நட்டைத் தளர்த்து, ஆனால் முழுதாக எடுக்காதே. நாலு மரை பிடித்திருக்கட்டும். இல்லையென்றால் திடீரென விடுபடும் வீல் நேராக முகத்துக்கு வரும். வீல் கையால் இழுத்து வராவிட்டால் புல்லர் போடு. ஷாப்ட்டின் தலையில் சுத்தியல் வைக்கவே கூடாது. மோதும்போது உள்ளே மடங்கும்படி செய்த ஷாப்ட்டுகள் உண்டு. அவற்றில் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். சுத்தியல் அடியில் அவை உடைந்தால் வெளியே தெரியாது.

6. ஹாரன். பழைய வண்டிகளில் வீலின் பின்னால் பித்தளை வளையம் இருக்கும்; ஸ்விட்சிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஊசி அதில் உரசும். புது வீலில் வளையம் இருக்காது, ஒயர்தான் தொங்கும். அந்த ஒயரை ஷாப்ட்டில் சுற்றி விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நாலு தடவை திருப்பினால் அறுந்துவிடும். பொருந்துகிற பித்தளை வளையத்தைத் தேடிப் பிடி. வண்டியில் ஹாரன் ரிலே இல்லையென்றால் ஒன்று வை. இரட்டை ஹாரன் இழுக்கும் கரன்ட்டைப் புது வீலின் மெல்லிய கான்டாக்ட் தாங்காது.

7. கிளாக் ஸ்பிரிங், அதாவது சுழலும் வீலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் ஒயர், சேர்த்து மாட்டுவதாக இருந்தால் சுற்றை எண்ணு. பவர் ஸ்டியரிங் வண்டி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுமார் மூன்று சுற்று போகும். பவர் இல்லாத பழைய வண்டிகளில் அதைவிடக் கூடும். ஸ்பிரிங் தாங்கும் சுற்றைவிட வண்டியின் சுற்று அதிகமானால் முழு வளைவில் அறுந்துவிடும். போதுமான சுற்று இருந்தாலும், நடு நிலையில் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

8. மாட்டிய பின் வீல் கோணலாக நின்றால் டை ராடைத் திருகி நேராக்கப் பார்க்காதே. ஸ்ப்ளைனை மாற்றி வை. 36 பல் இருந்தால் ஒரு பல் நகர்த்துவது 10 டிகிரி. அதற்கும் அடங்காத சிறு மீதியை மட்டும் அலைன்மென்ட் மேடையில் சரிசெய். இரு டை ராடிலும் ஒரே அளவு, ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறை.

9. சிறிய வீல் அழகு. ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத அம்பாசடருக்கு அவ்வளவு பெரிய வீல் வைத்தது அலங்காரத்துக்காக அல்ல, கைக்கு நெம்பு பலம் கிடைப்பதற்காக. 40 செ.மீ. வீலை 36 ஆக்கினால் அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய பலம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். ஓடும்போது தெரியாது, சந்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது தெரியும். ஓட்டப்போவது வயதானவர் என்றால் இதைக் கட்டாயம் சொல். வீலின் விளிம்பு ஸ்பீடோமீட்டரை மறைக்கிறதா என்று அவரையே சீட்டில் உட்காரவைத்துப் பார்.

10. பாஸ் கிட் (ஷாப்ட்டுக்கும் வீலுக்கும் நடுவில் வரும் இணைப்பு ஹப்) வைத்து வெளிக் கம்பெனி வீல் மாட்டும்போது ஆறு போல்ட்டும் அமரும் வட்டத்தின் விட்டத்தைப் பார். மோமோ 70 மி.மீ., நார்டி 74 மி.மீ. துளையை இழுத்து நீட்டிப் பொருத்தாதே.

11. ஷாப்ட்டுக்கு உரிய நட்டைத்தான் போட வேண்டும், வீலோடு வந்ததை அல்ல. மரையின் இடைவெளி மாறியிருக்கலாம். சர்வீஸ் புத்தகம் புது நட் போடச் சொல்லியிருந்தால் புதுசே போடு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதே. இறுக்கிய பின் நட்டிலிருந்து ஷாப்ட் வரை மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று இழு.

12. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரு கோடிக்கும் திருப்பு; ஒவ்வொரு கோணத்திலும் ஹாரனை அழுத்து; இண்டிகேட்டர் தானாகத் திரும்புகிறதா பார். வீலை உன் பக்கம் இழு, தள்ளு, மேலும் கீழும் ஆட்டு. பிறகுதான் காலி மைதானம், அதுவும் மெதுவாக.

13. மாற்றியது என்னவென்று பில்லில் எழுது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கச் சொல். பழைய வீலை வண்டிக்காரரிடமே கொடு, காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பு.

14. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல். கூலி கேட்காமல் பார். ஹாரன் பேடைக் கழற்றினால் நீ இழுத்த பெயின்ட் கோடு தெரியும். கோடு முழுதாக இருந்தால் அனுப்பு. விலகியிருந்தால் மறுபடி இறுக்கி அனுப்பிவிடாதே. நட் தானாக நகராது, வீல் சரியாக உட்காரவில்லை. கழற்று, பல்லைப் பார். தேய்மானம் கண்ணில் பட்டால் அன்றைக்கே பழைய வீலைத் திரும்ப மாட்டு.