அரிசித் தட்டிலிருந்து அம்மம்மாவின் கடிதம் வரை
மழலைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்து



விஜயதசமியன்று ஆலயத்தில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். படம் எடுக்கிறோம், பிரசாதம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அதன் பின்?

எமது தமிழ் வகுப்புக்கு வந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, பலகையில் 'அ' என்ற எழுத்தைக் கண்டதும் "அரிசி எழுத்து!" என்று கத்தினாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பின்னர் யோசித்துப் பார்த்தோம். அந்த எழுத்தை அவள் அரிசியில் அன்றி வேறெங்கும் கண்டதில்லை. மீதி 364 நாளும் அது அவள் கண்ணில் படவே இல்லை. வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பால் மட்டும் இக்குறை தீராது. வீட்டில்தான் தீர வேண்டும்.

"247 எழுத்தையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று பலர் மலைக்கிறார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கணக்கு சரிதான். ஆனால் மழலைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அ, ட, ப, ம என்ற நான்கு எழுத்துகளும், ஒரு புள்ளியும், ஒரு துணைக்காலும் இப்போதைக்குப் போதும். இவற்றைக் கொண்டே அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பப்பா, படம், பட்டம் என்ற அத்தனை சொற்களையும் எழுதிவிடலாம்.

எங்கே தொடங்குவது? 'அ' சுழியும் வளைவும் உள்ள எழுத்து; சின்னக் கைக்குச் சிரமம். 'ட' என்ற எழுத்தை முதலில் எடுங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, பின் வலப்பக்கம் ஒரு கோடு. அதோடு இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் 'ப'. அந்தக் கடைசிக் கோட்டை உள்ளே வளைத்தால் 'ம'. கை பழகிய பின் 'அ' எழுத்துக்கு வாருங்கள்.

இனி, வீட்டில் செய்யக்கூடிய சில விளையாட்டுகள்:

1. அரிசித் தட்டு: விளிம்புள்ள தட்டில் ஒரு கோப்பை அரிசியைப் பரப்புங்கள். நீங்கள் விரலால் எழுத்தை எழுதி, அதன் ஒலியைச் சொல்லுங்கள். பிள்ளை அதன் மேலேயே எழுதட்டும். தட்டை அசைத்தால் எழுத்து மறையும். பிள்ளைக்கு அதுவே பெரிய வேடிக்கை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் மணலில் எழுதிப் பழகிய முறைதான் இது. விளையாடி முடிந்ததும் அரிசியை ஒரு போத்தலில் எடுத்து வைத்தால் மறுநாளும் உதவும்.

2. உப்புத்தாள் எழுத்து: உப்புத்தாளில் எழுத்தை வெட்டி மட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை கண்ணை மூடி, விரலால் தடவி, எந்த எழுத்து என்று சொல்ல வேண்டும். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மொண்டிசோரி அம்மையாரின் முறை இது. கண்ணோடு விரலும் சேர்ந்து கற்றால் எழுத்து மனதில் நன்கு பதியும்.

3. மா எழுத்து: ரொட்டிக்கு மா பிசையும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அதைக் கயிறு போல உருட்டி, வளைத்து, எழுத்தாக்கட்டும். பென்சில் பிடிக்கத் தேவையான விரல் பலமும் இதனால் வரும்.

4. பொட்டு வைத்தல்: மட்டையில் 'ப' என்று பெரிதாக எழுதுங்கள். அதன் தலையில் ஒட்டுப்பொட்டு ஒன்றை வைத்தால் 'ப்'. பொட்டை எடுத்தால் மீண்டும் 'ப'. மட்டையில் வெட்டிய துணைக்காலை அருகில் வைத்தால் 'பா'. மெய், உயிர்மெய் என்ற இலக்கணப் பெயர்கள் எதுவும் இப்போது வேண்டாம். வித்தியாசத்தைக் காது கேட்டால் போதும்.

5. பட்டம்: வண்ணக் கடதாசியில் ஒரு பட்டம் வெட்டி, நூலால் வால் கட்டுங்கள். ப, ட், ட, ம் என்று நான்கு துண்டுகளில் எழுதி வாலில் வரிசையாக ஒட்டுங்கள். பிள்ளையின் அறைக் கதவில் தொங்கவிட்டால், தினமும் கண்ணில் படும் முதல் தமிழ்ச் சொல் அதுவாகும்.

6. எழுத்து வேட்டை: கடைக்கும் கோயிலுக்கும் போகும்போது "ம எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். அரிசி மூட்டை, மிளகாய்த்தூள் பை, நாட்காட்டி, அறிவிப்புப் பலகை என்று எல்லா இடத்திலும் அது ஒளிந்திருக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து ஓடினால் பிடித்து இருத்த வேண்டாம். தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டாதீர்கள். பிறகு பிள்ளை அதையே வாசிக்கும், தமிழ் எழுத்தைப் பார்க்காது. ல, ள, ழ வேறுபாட்டைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். பொட்டும் அரிசியும் வாய்க்கோ மூக்கிற்கோ போகாமல் பெரியவர் ஒருவர் அருகில் இருங்கள்.

முதலில் சொன்ன சிறுமியின் வீட்டில் இவற்றைச் செய்து பார்த்தார்கள். சில மாதங்களின் பின் அவள் ஒரு தாளில் 'அம்மம்மா' என்று எழுதினாள். 'மா' கோணலாக இருந்தது, ஒரு புள்ளியும் விடுபட்டிருந்தது. திருத்தாமல் அப்படியே ஊருக்குத் தபாலில் அனுப்பினார்கள். அம்மம்மா அதைச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாராம்.

தொலைபேசியில் பேத்தி சொல்வது பாதி புரியாமல் தவித்த அம்மம்மாவுக்கு அந்த ஒரு சொல் முழுதாகப் புரிந்தது. அதற்குத் தேவைப்பட்டவை இரண்டே எழுத்துகள்: அ, ம.

இன்று மாலையே ஒரு தட்டில் அரிசியைப் பரப்புங்கள். பிள்ளைகள் செய்தவற்றை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சுவரில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.