பாட்டின் வழி ஜப்பானிய மொழி

பிறமொழி கற்கப் புகுவோர்க்குச் செவியே முதல் ஆசான். ஜப்பானிய மொழியைப் பாடல் கேட்டே கற்றுவிடலாம் எனக் கருதுவோர் பலர். பாடல் எதைக் கற்பிக்கும், எதைக் கற்பிக்காது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சகமோட்டோ கியூ பாடிய பாடலொன்று 1961இல் ஜப்பானில் வெளிவந்தது. மேலைநாட்டில் அதற்குச் 'சுகியாக்கி' என்னும் உணவின் பெயரைச் சூட்டினர். பாடலுக்கும் அவ்வுணவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் 1963இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது முதலிடம் பெற்றது. பொருளறியாமலே பாடலைச் சுவைக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. எனவே, கேட்டல் வேறு. கேட்டுக் கற்றல் வேறு.

பாடல் கற்பிக்கும் தலையாய பாடம் ஒலியளவு ஆகும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நம் இலக்கணம் கூறும் மாத்திரைக் கணக்கு. ஜப்பானிய மொழியிலும் குறில் ஓரளவு, நெடில் ஈரளவு. ஆனால் அசையை முடிக்கும் மூக்கொலியும், இரட்டித்து வரும் வல்லொலியின் முற்பகுதியும் அங்கு அரையளவின அல்ல; முழு அளவு பெறுவன. 'நிப்பொன்' என்னும் நாட்டுப் பெயர் நம் கணக்கில் 3 மாத்திரை. அவர்கள் கணக்கில் 4 அளவு. தமிழர் நா இடறும் இடம் இதுவே.

அளவு பிறழின் பொருள் பிறழும். 'ஒபசன்' என்பது அத்தை அல்லது நடுவயதுப் பெண்மணி. 'ஒபாசன்' என்பது பாட்டி. ஒரு மாத்திரை மிகின், மதிக்க எண்ணிய பெண்மணியின் மனம் புண்படும்.

சிறுவர் பாடல்கள் இப்பயிற்சிக்கு ஏற்றவை. மிகி ரொஃபூ 1921இல் எழுதிய 'அகதொம்போ' (செந்தும்பி) என்னும் கவிதைக்கு யமதா கோசகு 1927இல் இசையமைத்தார். இத்தகைய மெதுவான பாடலை முதலில் எழுத்தின்றிக் கேட்க வேண்டும். பின்னர் ஹிரகானா எழுத்தில் பார்த்து, ஒவ்வோர் அளவுக்கும் விரலால் தட்டிக் கேட்க வேண்டும். இறுதியில் இசையை நீக்கி, சொற்களை மட்டும் அதே அளவோடு சொல்லிப் பழக வேண்டும்.

திருக்குர்ஆனைத் தஜ்வீத் முறைப்படி ஓதப் பழகிய மாணவர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. நீட்டத்தை அளவறிந்து நீட்டுவதும், ஆசிரியர் வாய்மொழி கேட்டுத் திருத்திக்கொள்வதும் அவர்கள் முன்பே பெற்ற பயிற்சி. ஓதலும் பாடலும் ஒன்றல்ல. செவிப்பயிற்சி ஒன்றே இங்கு ஒப்புமை.

பாடல் கற்பிக்காதன இரண்டு. ஒன்று, குரலின் ஏற்ற இறக்கம். 'ஹஷி' என்பதன் முதலொலி உயரின் உண்ணும் குச்சி. இரண்டாம் ஒலி உயரின் பாலம். பாடலின் மெட்டு இவ்வேறுபாட்டை மறைத்துவிடலாம். மற்றொன்று, மரியாதை வழக்கு. காதற்பாடல்களில் வரும் 'கிமி' (நீ) என்னும் சொல்லை ஆசிரியரிடமோ மூத்தோரிடமோ ஆளுதல் அவமதிப்பாகும். இவ்விரண்டையும் மக்களின் பேச்சைக் கேட்டும், ஆசிரியரை வினவியுமே அறிதல் வேண்டும்.

ஆகவே, பாட்டை மொழியின் வாயிலாகக் கொள்வோம். அதுவே வீடு என மயங்காதிருப்போம். ஒலியைப் பாட்டிடம் கற்போம். பண்பை மனிதரிடம் கற்போம்.