முடிவைப் பொய்யாக்கிப் பாருங்கள்

கேள்வி: வங்கித் தேர்வுக்குத் தயாராகிறேன். எவ்வளவு பயிற்சி செய்தாலும் சிலாஜிசத்தில் (கூற்றுகளிலிருந்து முடிவு வருமா என்று கேட்கும் கேள்விகளில்) பாதி தப்பாகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தேனி

பதில்: எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், போடும் விதத்தை மாற்றுங்கள். உதாரணத்துக்கு ஒன்று: 'எல்லா மாம்பழங்களும் பழங்கள். சில பழங்கள் புளிப்பானவை. எனவே சில மாம்பழங்கள் புளிப்பானவை.' இதைப் பார்த்ததும் சரி என்று போடக் கை பரபரக்கும். புளித்த மாம்பழத்தை நாம் தின்றிருக்கிறோமே! ஆனால் தேர்வு கேட்பது, முதல் இரண்டு வரிகளிலிருந்து மூன்றாவது கட்டாயம் வருமா என்பதைத்தான். பழ வட்டத்துக்குள் மாம்பழ வட்டத்தை வரையுங்கள். புளிப்பு வட்டம் பழத்தை வெட்டி, மாம்பழத்தைத் தொடாமல் நிற்க முடிகிறதா? முடிகிறது. ஆகவே முடிவு செல்லாது. பலரும் முடிவுக்கு ஒத்துவரும் படத்தை வரைந்துவிட்டு ஏமாறுகிறார்கள். நீங்கள் முடிவைப் பொய்யாக்கும் படத்தைத் தேடுங்கள்.

'சில மட்டுமே' என்று வந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: சில ஆகும், சில ஆகாது என்ற இரண்டும் அதில் அடக்கம். வெறும் 'சில' என்றால் எல்லாமாகவும் இருக்கலாம்.

தப்பானவற்றைத் தனி நோட்டில் எழுதி, முடிவை உடைக்கும் படத்தைப் பக்கத்திலேயே வரைந்து வையுங்கள். கடிகாரம் வைத்துப் போடுவது அதற்குப் பிறகுதான்.