நாய்க்கூண்டுக்கு உகந்த இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நாய்க்கூண்டு என்று இக்கடிதம் குறிப்பது, நாய் தலை இடிக்காமல் நிற்கவும், சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் போதிய அளவுள்ள கம்பிக் கூட்டை. அதை வாங்குவதில் காட்டும் அக்கறையை எங்கே வைப்பது என்பதில் பலரும் காட்டுவதில்லை. காவிரிப் படுகை வீடுகளில் அது பெரும்பாலும் கொல்லைப்புறத்துக்கே போய்ச் சேர்கிறது. தஞ்சை வட்டாரத்தின் வெயிலையும் ஐப்பசி மழையையும் நெல்லைத் தேடி வரும் எலியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஒரு வீட்டில் நாய்க்கு மிகவும் பொருந்தாத இடம் அந்தக் கொல்லைதான்.

பழைய ஓட்டு வீடுகளில் வாசற்கதவுக்கும் கூடத்துக்கும் இடையே ரேழி எனப்படும் நடைவழி ஒன்று உண்டு. நேர் வெயில் படாததும், வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையே காற்று ஓடுவதும், தெருவின் ஓசையும் வீட்டாரின் பேச்சும் ஒருங்கே காதில் விழுவதுமான அந்த இடமே கூண்டுக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் கூடி வாழும் இயல்புடைய நாய், மனிதர் குரல் எட்டாத மூலையில் அமைதி அடைவதில்லை. நாய் வாசலோடு நிற்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் புறக்கணிக்கத் தக்கதன்று. பூசை அறையும் அடுக்களையும் ரேழிக்குத் தொலைவில் இருப்பதால் அவர்கள் மனமும் கோணாது. ரேழி இல்லாத புதிய வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும், நடமாட்டம் குறுக்கிடாததும் தொலைக்காட்சிக்கு எதிரில் அமையாததுமான கூடத்து மூலை ஒன்று போதும்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பாதங்களின் அடியில் மட்டுமே பயன்படும் அளவுக்கு வியர்ப்பதால், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் இந்த ஆவியாதல் மந்தப்படும் என்பதால், வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரின் புழுக்கம், வெப்பமானி காட்டும் அளவைவிடக் கடுமையாக நாயைத் தாக்கும். மேற்குச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் கக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் அப்படித்தான். தகரச் சார்ப்பின் நிழலோ நிழல் என்றே கருதத் தக்கதன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் காவி பூசிய சிமெண்ட் தரையில் விரிப்பின்றி வைக்கும் அதே கூண்டை, மார்கழிக் குளிரில் ஒரு பலகையின் மேல் ஏற்றிச் சாக்கு விரித்து வைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையின் சாரல் திண்ணையையும் தாழ்வாரத்தையும் நனைத்துவிடும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் தென்னைகள் சாய்ந்ததையும் கூரைகள் பறந்ததையும் கண்ட ஊர்களில், தென்னை மரத்தடியிலோ சார்ப்பின் கீழோ கூண்டை வைப்பது வீணாகத் தேடிக்கொள்ளும் ஆபத்து. தீபாவளி வெடியும் அதே பருவத்தில் வருவதால், அந்த நாள்களுக்கு மட்டும் கூண்டை உள்ளறை ஒன்றுக்கு மாற்றுவது நல்லது.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது எலி. பத்தாயம், அதாவது நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி, நெல் மூட்டை, வைக்கோல் போர் ஆகியவை இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பும் கண்ணாடிவிரியனும் இரவில் திரியும் கட்டுவிரியனும் வாழும் நெல் நாட்டில், அவிழ்த்துவிட்ட நாய் விலகி ஓடித் தப்பலாம். கூண்டில் அடைபட்ட நாய்க்கு ஓட வழியில்லை. எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் நாயைப் பற்றி, அதன் வழியாக வீட்டாரையும் தொற்றக்கூடும். எலிக்கு வைத்த நஞ்சை நாய் தின்னாவிட்டாலும், அந்த நஞ்சைத் தின்ற எலியைத் தின்றால் அதற்கும் தீங்கு நேரலாம். இத்தனை கேடுகளும் ஒன்றுகூடும் இடம் கொல்லைக் கொட்டகைதான். அங்கே கூண்டை வைக்கலாம் என்று சொல்வோர் எவராயினும் அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

சுவரை ஒட்டியும் கூண்டை வைக்கலாகாது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயின் உடலைவிட்டு இறங்கி, சுவரில் ஏறி, காரை பெயர்ந்த விரிசல்களில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், ஒரு முழ இடைவெளி விட்டு, விரிசல்களைப் பூசி அடைத்துவிடுவது உண்ணி மருந்துக்குத் துணையாக நிற்கும்.

இராஜபாளையம் இனத்து வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அத்தகைய குட்டியின் கூண்டு, அருகே வருபவரை அது தொலைவிலேயே பார்த்துவிடும்படி நடைவழியை நோக்கி அமைய வேண்டும். பின்புறமிருந்து திடீரெனத் தொட்டால் உறக்கத்தில் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். எந்த இனமாயினும், தாயைப் பிரிந்து புதிதாக வந்த குட்டி முதல் சில வாரங்கள் இரவில் வீட்டார் ஒருவரின் கட்டிலருகே படுப்பதே முறை. நள்ளிரவில் அது முனகும்போது வெளியே தூக்கிச் செல்ல ஆள் வேண்டுமல்லவா?

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அசைய இடம் போதாத கூண்டில் விலங்கை அடைப்பதையும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்த நாய்க்கு நடைப்பயிற்சி தராமல் விடுவதையும் தன் 11-ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. ஆகையால், பகல் முழுதும் கதவு திறந்தே கிடந்தாலும் போவோர் வருவோர் காலில் அது இடிக்காத இடமாகப் பார்த்துத் தம்பி கூண்டை வைக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டியும் அதன் அருகிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்