எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள்

காயல்பட்டினத்தில் இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால் போதும், கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் ஹிஜாமா, அதாவது தோலைக் கீறிக் கப் வைத்து ரத்தம் எடுக்கச் சொல்வார். இன்னொருவருக்கு நாகர்கோவில் பக்கம் ஒரு வர்ம வைத்தியரைத் தெரியும். ஹாங்காங்கிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் சட்டைப் பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து நீட்டுவார். நாலாமவர், "எதுக்கு காக்கா அலையிறிய, ஒரு ஊசியைப் போட்டுட்டுப் போங்க" என்பார். (காக்கா என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன்.) நான் ஊரில் மெடிக்கல் கடை வைத்திருப்பவன். அந்த நாலு வைத்தியத்தையும் செய்து பார்த்தவர்கள் ஏதோ ஒரு நாள் என் கடைப்படி ஏறிவிடுவார்கள். எது யாருக்குக் கேட்டது, எது யாரைக் கெடுத்தது என்று பார்த்துப் பார்த்து வந்த அறிவுதான் கீழே இருப்பது. மாத்திரை விற்றுப் பிழைப்பவன் சொல்கிறான் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சித்தா, யூனானி, அக்குபங்சர், ஹோமியோபதி, எதற்குப் போனாலும் சரி, உட்கார்ந்ததும் வைத்தியரிடம் ஒன்று கேளுங்கள்: "இதை எத்தனை நாள் எடுக்கணும்? எப்போது நிறுத்தணும்? என்ன ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது. அங்கே படித்து வந்த வைத்தியர்களிடம் இதைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், நாள் கணக்குச் சொல்வார்கள், ரத்தப் பரிசோதனைகூட எழுதிக் கொடுப்பார்கள். "எங்க மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது, ஆயுசுக்கும் எடுக்கலாம்" என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கேள்வியின் அருமையை எனக்குக் காட்டியது நம் பக்கத்து இலை ஒன்று. தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விவசாயிகள் அவுரி என்று பயிரிடுவதைத்தான் நாட்டு மருந்துக்கடையில் நிலவாகை என்றும், யூனானி வைத்தியர்கள் சனா மக்கி என்றும் சொல்கிறார்கள். அரபு நாட்டு மூலிகைதான். ஆனால் உலகச் சந்தையில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்று பெயர் நிலைத்துவிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. அதே இலையின் சத்தைப் பிரித்து மாத்திரையாக்கியதைத்தான் நான் கடையில் விற்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. ஆக, நாட்டு மருந்தா இங்கிலீஷ் மருந்தா என்ற சண்டைக்கே இந்த இலையிடம் வேலை இல்லை. ராத்திரி சாப்பிட்டால் காலையில் மலம் போகும். மாத்திரையானாலும் பொடியானாலும் அதன் வேலை ஒன்றுதான்.

ஆனால் மாத்திரை அட்டைக்குள் இருக்கும் துண்டுத்தாள், ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் எடுக்காதே என்கிறது. உடம்பு இளைக்கும் என்று வாங்கும் பொடிப் பாக்கெட்டிலோ மாதக்கணக்கில் குடி என்று அச்சடித்திருக்கிறது. இப்படி நாள்பட எடுத்தால் பேதியோடு உடம்பிலுள்ள பொட்டாசியமும் போய்விடும். காலில் வலுவில்லை, படபடப்பு என்று வருகிறவர்களிடம், குறிப்பாகக் கல்யாணத்துக்கு முன்னால் இளைக்க நினைக்கும் பிள்ளைகளிடம், நான் முதலில் கேட்பது இந்தப் பொடியைப் பற்றித்தான். "இலைதானே காக்கா, என்னா செஞ்சிரப் போவுது?" என்பார்கள். அந்த இலை வேலை செய்வதால்தானே வாங்குகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

இன்னொரு செடியின் கதை இதைவிட விநோதம். வீட்டு முற்றத்தில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியின் பூவைக் கஷாயம் வைத்துக் குடித்தால் சர்க்கரை குறையும் என்று இங்கேயும் சொல்வார்கள், கடல் தாண்டி ஜமைக்காவிலும் சொன்னார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இருவர் அந்த ஜமைக்கா இலையை எடுத்துச் சோதித்தார்கள். சர்க்கரையில் சொல்லும்படி மாற்றமில்லை. ஆனால் வெள்ளை அணுக்கள் சரசரவென்று இறங்கின. அந்த நூலைப் பிடித்துப் போனதில் 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது, பின்னாலேயே வின்கிறிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அந்த வின்கிறிஸ்டின்தான் ஏறுகிறது. பாட்டி வைத்தியம் கைகாட்டிய செடி சரி, கைகாட்டிய நோய் தவறு. நாட்டு வைத்தியத்தை மொத்தமாகப் புகழ்கிறவர்களுக்கும் மொத்தமாகப் பழிக்கிறவர்களுக்கும் நான் இதையே சொல்வது வழக்கம். சர்க்கரைக்காக அந்தக் கஷாயத்தை யாரும் வீட்டில் போட வேண்டாம். வெள்ளை அணுவை இறக்கும் சரக்கு அது.

அடுத்தது ஹிஜாமா. நபிவழி என்பதால் எங்கள் ஊரில் அதற்கு மருத்துவத்தைத் தாண்டிய மதிப்பு உண்டு. பிறை 17, 19, 21 வந்தால் ஆள் தேடுவார்கள். சித்த வைத்தியத்தின் புறமருந்துகளிலும் குருதி வாங்கல் உண்டு, சீனத்திலும் கப் வைப்பார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமான கப் தடத்தைப் பார்த்து இது என்ன என்று உலகமே கேட்டது. கழுத்துவலி, முதுகுவலிக்குச் சில வாரம் சுகம் தருவதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தத்திலுள்ள 'விஷத்தை' எடுக்கிறது என்பதற்குச் சான்று கிடையாது. கப்பில் வருவது நம் சாதாரண ரத்தம்தான். செய்துகொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: யூனானிப் பட்டம் பெற்றவரிடம் போங்கள், பிளேடு உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கட்டும், கப் உங்களுக்கு வைத்ததும் குப்பைக்குப் போகட்டும். மஞ்சள் காமாலைக் கிருமி பழைய கப்பில் ஏறி வரும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தசோகை உள்ள பெண்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். நபிவழியை விடச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அடுத்த மாதம் மாத்திரை வாங்க வந்துவிடுவார்கள்.

முத்துக் குளித்த கரை என்பதால் முத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது, முத்துப் பற்பம் மட்டும் நிற்கவில்லை. முத்து, முத்துச்சிப்பி, சங்கு மூன்றும் கால்சியம் கார்பனேட்தான். சங்கு பற்பம் நெஞ்செரிச்சலுக்குக் கேட்கிறது என்றால் காரணம் அதுவே; என் கடையில் புளித்த ஏப்பத்துக்கு விற்கும் மாத்திரைகளில் பலவும் அதே சரக்கு. முத்துப் பற்பத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் விருப்பம். யூனானியில் முத்துச் சேர்த்த கமீரா மர்வாரீத் இருக்கிறது, நெஞ்சுப் படபடப்புக்கு வளைகுடாவிலிருந்து வாங்கி வருவார்கள். பலர் கவனிக்காதது ஒன்று: கமீரா என்றாலே சர்க்கரைப் பாகு, மஜூன் என்றால் தேன், லேகியம் என்றால் கருப்பட்டியோ வெல்லமோ. சர்க்கரை நோய்க்காரர் "மருந்துதானே" என்று கரண்டி கரண்டியாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சுகர் ஏன் இறங்கவில்லை என்று என்னிடம் கேட்பார்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடி. பஸ் ஏறிப் போய் வாங்கி வருவார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி கூடும், முகம் உப்பும். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பது இந்தியா முழுக்க நடக்கிற மோசடி. இதில் கவனம், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. நாள்பட எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. பொடியையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாட்டு மருந்தில் உலோகம் இருக்கும் என்ற பயமும் பொய்யில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70ஐ வாங்கிச் சோதித்தார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் வாங்காதீர்கள். சர்க்கரை, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுவரொட்டியில் அப்படிப் போட்டிருந்தாலே அந்த வைத்தியர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஹாங்காங் தைலமும் கோடாலித் தைலமும் இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. நானும் தடவிக்கொள்வேன், நல்ல மருந்து. அதில் மணக்கும் வின்டர்கிரீன் எண்ணெய் ஆஸ்பிரினுக்கு உறவு. கலப்பில்லாத எண்ணெய் ஒரு டீஸ்பூன் வயிற்றுக்குள் போனால் இருபது ஆஸ்பிரின் விழுங்கிய கணக்கு. குப்பியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் உடம்பெல்லாம் தேய்க்கக் கூடாது. இரண்டு வயசு ஆகாத பிள்ளைக்குச் சளி என்று நெஞ்சில் தடவுவதை உம்மாமார் விட்டுவிட வேண்டும்.

டாக்டர் திட்டுவார் என்று நாட்டு மருந்தை மறைப்பதும், வைத்தியர் வருத்தப்படுவார் என்று மாத்திரையை மறைப்பதும் நம் ஊர்ப் பழக்கம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி இரண்டு பேரிடமும் நீட்டுங்கள். ஆபரேஷன் என்றால், தினமும் எடுக்கும் கருஞ்சீரக எண்ணெய், பூண்டு மாத்திரை வரை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருந்தே இல்லாத ஒற்றடத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றி எடுத்தால் இடுப்புக்கு அப்படி ஒரு சுகம். ஆனால் அதையே பாதத்தில் வைக்கும்போது கவனம்: நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருக்கலாம், தோல் வெந்தாலும் தெரியாது. சூடு பதமா என்று அவர்களிடம் கேட்காமல், வைக்கிறவர் தன் முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். பாதத்தில் சின்னப் புண் இருந்தாலும் ஒற்றடம் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.