படம் திறக்கும்போது கணினி ஏன் உறைகிறது?



பெரிய போட்டோவைத் திறந்தால் சில நேரம் எல்லாமே நின்றுவிடும். மவுசை அழுத்தினாலும் அசையாது. விண்டோஸில் ஒரு நிரல் 5 விநாடி பதில் சொல்லாவிட்டால் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்துவிடும். கெட்டுப்போச்சு என்று நாமும் மூடிவிடுவோம். சேமிக்காத வேலை எல்லாம் போச்சு! ஆனால் பல நேரம் அது கெடவே இல்லை, வேலைதான் செய்துகொண்டிருக்கும்.

என்ன வேலை? 4000 × 3000 அளவுள்ள போட்டோவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். நான் பெருக்கிப் பார்த்தேன், 3 கோடியே 60 லட்சம் பைட்! ஜேபெக் கோப்பில் அது சில மெகாபைட்டாகச் சுருங்கி இருக்கும். அதைப் படித்து விரிக்கத்தான் நேரம் ஆகிறது.

மவுசுக்குப் பதில் சொல்வதும் திரையை வரைவதும் 'மெயின் த்ரெட்' செய்யும் வேலை. ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். பில் போடுபவரே அரிசி அளக்க உள்ளே போய்விட்டால் ஜன்னலில் யார் பதில் சொல்வது? அளக்க இன்னொருவர் வேண்டும் இல்லையா? அதே வழிதான் இங்கேயும்.

1. படத்தைப் படிக்கும் வேலையை வேறொரு த்ரெட்டுக்குக் கொடுக்க வேண்டும்.
2. அந்த த்ரெட் திரையைத் தொடக் கூடாது. "இவ்ளோ முடிஞ்சுது" என்று மெயின் த்ரெட்டிடம் சொன்னால் போதும். பட்டையை அதுவே நகர்த்தும்.
3. படித்த பைட்டை மொத்த பைட்டால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம். 30 லட்சத்தில் 12 லட்சம் படித்தால் 40%. மொத்தம் தெரியாவிட்டால் பொய்யாக எண் போடக் கூடாது, சும்மா ஓடும் பட்டை போதும்.
4. வேண்டாம் என்றால் நிறுத்த 'ரத்து' பொத்தான் வேண்டும்.

2005-இல் வந்த டாட் நெட் 2.0-வில் 'பிக்சர் பாக்ஸ்' என்ற படப்பெட்டிக்கே இந்த வசதி சேர்ந்தது. 'லோட் அசிங்க்' என்று கட்டளை கொடுத்தால், அதுவே பின்னால் படித்து, சதவீதமும் சொல்லும்.

பட்டை வைத்ததால் படம் சீக்கிரம் வந்துவிடாது. ஆனாலும் 1985-இல் பிராட் மையர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தபோது, பட்டை இருப்பதையே மக்கள் விரும்பினார்கள். ஏன்னா, எவ்வளவு மீதி என்று தெரிந்தால் காத்திருப்பது கஷ்டமில்லை. பாதியில் மூடவும் மாட்டோம்.

சிந்திக்க: 10 படங்களில் 4 வந்துவிட்டன. 40% முடிந்தது என்று சொல்லலாமா? எல்லாப் படமும் ஒரே அளவு இல்லை என்றால்? விடையை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.